சனம் கூடினால் சேர்வர் ஏன் விழவேண்டும்?

ஏ.எல். றிசல்ட் வந்த இரவு எங்கட வீட்டில ஒருத்தரும் நித்திரை கொள்ளேல்லை. சுட்டெண்ணை அடிப்பதும், பக்கம் சுத்திச் சுத்தி நிற்பதுமாக விடிந்துவிட்டது. அடுத்த நாள் எல்லாரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: "சனம் கூடிப்போச்சு, சேர்வர் தாங்கேல்லை." நானும் அதைக் கனகாலம் நம்பினேன். ஆனால் சனம் கூடினால் என்ன செய்யலாம் என்பதை 1994 இலேயே சிலர் செய்து காட்டிவிட்டார்கள்.

இடம், அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் இருந்த என்.சி.எஸ்.ஏ. என்ற கணினி ஆய்வு நிலையம். 1993 இல் அங்கே உருவான மொசைக் என்ற பிரவுசர்தான் இணையத்தைச் சாதாரண ஆட்களிடம் கொண்டுபோனது. மொசைக்கைத் திறந்தால் முதலில் வருவது அந்த நிலையத்தின் பக்கம். ஆகவே மொசைக் பரவப் பரவ, அவர்களுடைய சேர்வருக்கே சுமை ஏறியது. ஒரு மெஷினால் சமாளிக்க முடியவில்லை.

எரிக் காட்ஸ், மிஷேல் பட்லர், றொபேர்ட் மக்ராத் ஆகிய மூவரும் பெரிய மெஷின் ஒன்றைத் தேடிப் போகவில்லை. ஒரே பெயருக்குப் பின்னால் பல மெஷின்களை வைத்தார்கள். பெயரைக் கேட்பவருக்கு முகவரி சொல்லும் டி.என்.எஸ்., முதல் ஆளுக்கு ஒரு மெஷினின் முகவரியையும் அடுத்த ஆளுக்கு இன்னொன்றையும் சுற்றுமுறையில் கொடுத்தது. எல்லா மெஷின்களும் ஒரே பொதுக் களஞ்சியத்திலிருந்து கோப்புகளை எடுத்ததால், எங்கே போனாலும் ஒரே பக்கம்தான் கிடைத்தது.

இதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஒருமுறை கேட்ட முகவரியை இடையில் உள்ள டி.என்.எஸ். சேர்வர்கள் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்திருக்கும். அதனால் ஒரு பெரிய அலுவலகத்து ஆட்கள் எல்லாருமே ஒரே மெஷினில் போய் விழலாம். மற்றது, செத்துப்போன மெஷினின் முகவரியையும் டி.என்.எஸ். சொல்லிக்கொண்டே இருக்கும்.

கலியாண வீட்டில் பந்தி வாசலில் ஒருத்தர் நின்று, எந்த வரிசையில் இடம் இருக்கு எண்டு பார்த்து ஆட்களை அனுப்புவாரே, அப்படி ஒருவர் சேர்வர்களுக்கு முன்னாலும் தேவைப்பட்டார். அதுதான் லோட் பலன்சர். இதைத் தனிப் பெட்டியாகக் கம்பனிகள் நல்ல விலைக்கு விற்றன. ஆனால் சீனாவின் வென்சொங் சாங் 1998 இல் தொடங்கிய லினக்ஸ் வேர்ச்சுவல் சேர்வர், பிரான்சின் வில்லி தறோ எழுதிய எச்.ஏ.புறொக்ஸி, ரஷ்யாவின் ஈகோர் சிசோயெவ் 2004 இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் மூன்றும் இலவசம். சாதாரணக் கணினியிலேயே ஓடும். காசில்லாத பெடியளுக்கும் அந்த வாசல்காரர் கிடைத்தார்.

இன்றைக்கு என்ஜின்எக்ஸில் மூன்று சேர்வர் முகவரிகளை ஒரு பகுதிக்குள் எழுதினாலே போதும், அது சுற்றுமுறையில் பிரித்துவிடும். ஒரு சேர்வர் பதில் தராவிட்டால், வேறேதும் சொல்லாதவரை, 10 செக்கனுக்கு அதை ஒதுக்கி வைக்கும். குறைந்த இணைப்பு உள்ள சேர்வருக்கு அனுப்பு என்றும் சொல்லலாம்.

ஆனால் பிரிப்பது சுலபம், ஞாபகம்தான் சிக்கல். முதலாவது சேர்வரில் லொகின் செய்கிறீர்கள். அடுத்த கிளிக் இரண்டாவதுக்குப் போகிறது. அதுக்கு உங்களைத் தெரியாது, திரும்பவும் பாஸ்வேர்ட் கேட்கும். ஒரு ஆளை எப்போதும் ஒரே சேர்வருக்கு அனுப்பலாம். ஆனால் அது விழுந்தால் அவருடைய லொகினும் போய்விடும். லொகின் விபரத்தை எல்லாச் சேர்வர்களும் பார்க்கும் பொது இடத்தில் வைப்பதுதான் நல்லது. 1994 இல் கோப்புகளுக்குச் செய்ததும் இதைத்தானே? வாசல்காரருக்கும் ஒரு மாற்று ஆள் வேண்டும். இல்லாவிட்டால் அவர் விழுந்த அன்றைக்கு எல்லாமே விழும்.

றிசல்ட் வரப்போகிறது என்பது வெளியிடுபவர்களுக்கு முதலே தெரியும். எத்தனை பேர் எழுதினார்கள் என்பதும் தெரியும். அப்படியென்றால் "சனம் கூடிப்போச்சு" என்பது நடந்ததைச் சொல்கிறதே தவிர, ஏன் நடந்தது என்பதைச் சொல்லவில்லை. அடுத்தமுறை யாராவது அப்படிச் சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கோ: பின்னால எத்தனை சேர்வர் நிண்டது?