ரசம் கொட்டின இடம்

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு கிண்ணம் ரசம். எங்க வீட்டு ஹால் மொசைக் தரை. மேட்ச் பார்த்துட்டு இருந்தப்போ ரசம் கொட்டிடுச்சு, காலைல பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன். காலைல துடைச்சா உள்ளங்கை அளவுக்கு மங்கலா ஒரு வெளுப்பு. கறைன்னு நெனச்சு பாத்ரூம் கழுவுற ஆசிட்டை ஊத்தினேன். வெளுப்பு தட்டு அளவுக்கு ஆயிடுச்சு. அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "இதை இப்ப யாருடா சரி பண்ணுவாங்க?"

அதுக்குப் பதில் தேடினப்போதான், தரையோட வரலாறே அதைச் சரிபண்ற ஆளோட வரலாறுதான்னு தோணுச்சு.

மண் தரை இருந்த வரைக்கும் அந்த ஆள் வீட்டுக்குள்ளயே இருந்தாங்க. குழி விழுந்தா களிமண்ணைக் குழைச்சு அடைக்கிறது, மேல சாணி கரைச்சு மெழுகுறது. சாணியில இருக்கிற நார் மண்ணைப் பிடிச்சு நிறுத்தும், மெல்லிய வெடிப்பை மூடும். எது கொட்டினாலும் அடுத்த மெழுகலோட அந்தக் கதை முடிஞ்சுது. இதை ரொம்ப அழகுபடுத்தவும் வேண்டாம். வாராவாரம் குனிஞ்சு மெழுகினது பெண்கள்தான், அவங்க இடுப்புக்கு யாரும் கணக்கு வைக்கல.

அப்புறம் சிமென்ட். இங்கிலாந்துல ஜோசப் ஆஸ்ப்டின் 'போர்ட்லண்ட்' சிமென்ட்டுக்குக் காப்புரிமை வாங்கினது 1824-ல. இந்தியாவுல 1904-ல மதராஸ்ல தயாரிச்சுப் பார்த்தாங்க, நிலைக்கல. 1914-ல போர்பந்தர்ல உற்பத்தி நிலைச்சுது. சிமென்ட் பரவினதும் வந்ததுதான் நம்ம ரெட் ஆக்சைடு தரை. சிமென்ட்டோட இரும்பு ஆக்சைடு பொடியைக் கலந்து, மேல மெல்லிசா பூசி, கரண்டியால அழுத்தி அழுத்தித் தேய்ப்பாங்க. வெயில் பட்டாலும் அந்தச் சிவப்பு வெளுக்காது. தினசரிப் பராமரிப்பு வீட்லயேதான்: ஈரத்துணி, எப்பவாவது துளி தேங்காய் எண்ணெய். வெடிப்பு விட்டா மட்டும் கொத்தனார் வரணும். வெடிப்பை உளியால அகலப்படுத்தி, அதே கலவையை அடைப்பார். ஆனா பழைய சிவப்பும் புதுச் சிவப்பும் ஒட்டவே ஒட்டாது. பழைய வீடுகள்ல அந்த ஒட்டுத் தழும்பை இன்னும் பார்க்கலாம்.

மொசைக்ல விஷயமே வேற. சிமென்ட்ல மார்பிள் சில்லைப் பதிச்சு, தேய்ச்சு மினுக்கின தரை அது. மார்பிள்ங்கிறது கால்சியம் கார்பனேட். புளி, எலுமிச்சை, ஆசிட் எது பட்டாலும் கரையும். அதாவது என் ரசம் கறை படுத்தல, தரையைத் தின்னுடுச்சு. துடைச்சுப் போக அங்க ஒண்ணும் இல்ல. கரடுமுரடான கல்லுல ஆரம்பிச்சு மென்மையான கல்லு வரைக்கும் தண்ணி விட்டு மெஷின்ல தேய்க்கணும்.

இப்ப எல்லாரும் போடுற விட்ரிஃபைட் டைல் அரை சதவீதத்துக்கு மேல தண்ணியை உறிஞ்சாது. ரசம் அதை ஒண்ணும் பண்ணாது. ஆனா குழவி கைதவறி விழுந்து சில்லு பேர்ந்தா மொத்த டைலையும் பேர்த்தெடுத்து மாத்தணும். அதே டிசைன் கடையில இருக்காது, இருந்தாலும் நிறம் லேசா மாறியிருக்கும். வீடு கட்டும்போதே நாலு டைலைப் பரண்ல போட்டு வைக்கிறவங்க புத்திசாலிங்க.

எங்க வீட்டுக்கு மொசைக் பாலிஷ் போடுற ஒருத்தர் கடைசியில கிடைச்சார். குனிஞ்சு தடவிப் பார்த்தார். "இந்த இடத்தை மட்டும் போட்டா இது மட்டும் பளபளன்னு தனியாத் தெரியும் தம்பி. போட்டா ஹால் மொத்தமும்தான் போடணும்"னார். அம்மா அது மேல பாயை விரிச்சுட்டாங்க.