தன்மைக்குப் பால் இல்லை

தமிழிலே 'வந்தேன்' என்று ஒருவர் கூறினால், கூறியவர் ஆணோ பெண்ணோ என்பதை அச்சொல் காட்டாது. அவரைப்பற்றிப் பிறர் பேசத் தொடங்கி, 'வந்தான்' என்றோ 'வந்தாள்' என்றோ சொல்லும்போதுதான் பால் பகுக்கப்படுகின்றது. தன்மை வினைக்குப் பால் இல்லை, படர்க்கைக்கே உண்டு. பள்ளியிற் கற்று மறந்த இச்செய்தி, திருநங்கையர் எழுதிய தன்வரலாறுகளை யாழ்ப்பாணத்து வாசகர் எவ்வாறு ஏற்றனர் என்று எண்ணியபோது எனக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது.

தன்வரலாறு தமிழுக்குப் புதிதன்று. உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்தது. ஆயினும் நெடுங்காலம், அறிஞரும் தலைவருமே தம் வரலாற்றை எழுதும் உரிமை பெற்றவர்போல் இருந்தனர். 1992இல் பாமாவின் 'கருக்கு' அந்த வேலியைப் பிரித்தது. ரேவதி, திருநங்கையர் பலரின் கதைகளைத் திரட்டி 'உணர்வும் உருவமும்' என்னும் நூலை 2005இல் வெளியிட்டார். லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' 2007இல் வந்தது. ரேவதி தம் சொந்த வாழ்வைத் தமிழில் எழுதினார், எனினும் வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பே 2010இல் முதலில் அச்சேறியது. 'வெள்ளை மொழி' என்ற தமிழ் நூல் அதன் பின்னரே கிடைத்தது. தமிழ்த் தாயின் மகளொருத்தி தமிழில் எழுதியதைத் தமிழர் படிக்குமுன் ஆங்கிலேயர் படிக்க நேர்ந்தது நமக்குப் பெருமை தருவதன்று.

யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்த முதியவர் ஒருவர், இளைப்பாறிய தமிழாசிரியர், இவ்விரு தன்வரலாறுகளையும் தம் பெறாமகளிடம் இரவல் வாங்கிப் படித்தார். ரேவதியின் நூலை இடையிலே மூடிவிட்டார். உடலை விற்றுப் பிழைத்ததையும், பொலிசாரிடம் பட்ட வதையையும் மறையாது எழுதியிருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. "பட்டதைப் படலாம், பலரறியச் சொல்லலாமா?" என்பது அவர் கேள்வி. பல்கலைக்கழகத்தில் பயிலும் பெறாமகளோ, "சொல்லாதிருந்தமையாலன்றோ பட்டார்கள், பெரியப்பா!" என்றாள்.

இவ்வழக்கு நம் ஊரில் முன்னரும் நடந்ததே. நல்லூரிற் பிறந்த எஸ். பொன்னுத்துரை 1961இல் 'தீ' என்னும் நாவலில் ஒருவன் தன் காம அனுபவங்களைத் தானே கூறுவதாக எழுதியபோது, ஆபாசம் என்று ஒரு சாராரும் துணிவு என்று மற்றொரு சாராரும் மோதினர். ஆனால் 'தீ' கற்பனை. ஆசிரியருக்கு ஒதுங்க ஒரு நிழலிருந்தது. தன்வரலாறு எழுதியவருக்கு அந்நிழலும் இல்லை.

முதியவரை வேறொரு வாயிலால் அணுகினாள் அப்பெண். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1868இல் சேனாவரையருரையோடு பதிப்பித்த தொல்காப்பியச் சொல்லதிகாரம், ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயர் ஆண்பாற் சொல்லோடு முடிதற்குரியதன்று என்கிறது. அவரை உயர்திணையிலும் வைக்கிறது. ஆறுமுகநாவலரின் காண்டிகையுரை வழியே நம் மாணவர் மனனஞ் செய்த நன்னூலும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்பியவர் பெண்பால் என்றும், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்பியவர் ஆண்பால் என்றும் வகுக்கிறது. இவற்றை ஐம்பது ஆண்டு கற்பித்தவர் அவர்! ஆனால் நம் முன்னோர் யாவரும் அன்போடு நடத்தினர் என்று இதனாற் கொள்ளலாகாது. அதே நன்னூற் சூத்திரம் அவர்கள் அஃறிணை போலவும் முடிவர் என்று சேர்க்கிறது. குறளில் 'பேடி' என்னுஞ் சொல் இழிவுக்கே உவமையாகிறது. இலக்கணம் இடங்கொடுத்தது; உலக வழக்கு கொடுத்ததா என்பது வேறு.

ஈழத்து வாசகர் இந்நூல்களில் தனித்து உணரும் பகுதி ஒன்றுண்டு. பெயரைச் சட்டப்படி மாற்றிக்கொள்ள வித்யா அலுவலகந்தோறும் அலைந்த கதை, இந்திய வாசகருக்கு அலுவலகத் தொல்லையின் கதையாகத் தோன்றலாம். சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டிப் பல்லாண்டு நின்றவருக்கு அது வேறு பொருள் தரும். அட்டையிலுள்ள பெயரும் எதிரே நிற்கும் உருவமும் ஒவ்வாவிட்டால் என்ன நேரும் என்பதை நமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. பாலின அங்கீகாரச் சான்றிதழுக்கு இலங்கைச் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை மூலம் வழிசெய்தது 2016இல்தான். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ என்னும் பிரிவுகளும், அலைந்து திரிவோர் பற்றிய 1841ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் ஆங்கிலேயர் விட்டுச்சென்றவை. அப்பிரிவுகளைத் திருத்தக் கொணர்ந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் கூறியது. ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பிடியை இந்திய உச்ச நீதிமன்றம் 2018இலேயே தளர்த்திவிட்டது.

குடாநாட்டுத் திருநங்கை ஒருவர் கூறிய கருத்து இவ்விருவர் கருத்தினின்றும் வேறுபட்டது. நூல்களை அவர் விரும்பிப் படித்தார். ஆயினும் குரு, சேலா, ஜமாத் என்பனவெல்லாம் தமக்கு அயலாகவே தோன்றின என்றார். வித்யா புனாவுக்குச் சென்றார், ரேவதி டில்லிக்கும் மும்பாய்க்கும் சென்றார். இங்கிருந்து புறப்படுபவர் எங்கே செல்வது, கடலைத் தாண்டியா என்று சிரித்தார். மற்றொன்றையும் சொன்னார்: நூலைப் படித்துக் கண்ணீர் விட்டவர்கள் ஒழுங்கையில் தம்மைக் காணும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களாம். இரக்கம் புத்தகத்தோடு நின்றுவிடுகிறது.

வித்யாவின் கதையை ஒட்டி எடுத்த கன்னடத் திரைப்படத்தின் பெயரைத் தமிழிற் சொன்னால் 'நான் அவனல்ல, அவள்' என்பதாகும். அதில் நடித்த சஞ்சாரி விஜய் 2014ஆம் ஆண்டுக்குரிய தேசிய விருதைப் பெற்றார். தலைப்பே வழக்கைத் தீர்த்துவிட்டது என்று நினைத்தேன்.

சென்ற மாதம் ஊர் வாசிகசாலையில் அவ்வாசிரியர் நண்பர்களுக்கு வித்யாவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். 'அவன் எம். ஏ. படித்தான்' என்று தொடங்கினார். புனாப் புகைவண்டியில் கையேந்திய கட்டத்தில் நாக்குத் தடுமாறிற்று. சற்று நிறுத்தினார். பின்னர் இறுதிவரை 'அவர்', 'அவர்' என்றே சொல்லி முடித்தார். பெறாமகள் என்னிடம் மெல்லக் கேட்டாள்: "பெரியப்பா மரியாதைக்காக அப்படிச் சொன்னாரோ, தப்பித்துக்கொள்ளவோ?"

அவரையே கேள் என்றேன். கேட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, ரேவதியின் நூல் இன்னும் வீட்டில் இருக்கிறதா என்றார்.