கன உலோக மாசு நீக்கத்தில் பாக்டீரியா

மண்ணிலும் நீரிலும் கலந்துவிட்ட குரோமியம், பாதரசம், ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களின் நச்சுத்தன்மையைப் பாக்டீரியாவைக் கொண்டு குறைப்பது நுண்ணுயிர்வழி மாசு நீக்கம் எனப்படுகிறது. சாக்கடையின் கரிமக் கழிவைப் பாக்டீரியா சிதைத்துக் கரியமில வாயுவாகவும் நீராகவும் ஆக்கிவிடும். உலோகம் தனிமம் என்பதால் எந்த உயிரியாலும் அதைச் சிதைக்க முடியாது. அதன் வேதி வடிவத்தை மாற்றலாம், கரையாத பொருளாகப் படியவைக்கலாம், செல்சுவரில் பற்றிக்கொள்ளலாம். உலோகத்தைப் பாக்டீரியா தின்று தீர்த்துவிடும் என்று அவ்வப்போது வரும் செய்திகள் பிழையானவை.

தமிழ்நாட்டில் இதற்கு நன்கு ஆராயப்பட்ட இடம் ராணிப்பேட்டை. அங்கு குரோமேட் உப்புகளைத் தயாரித்துவந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு திறந்தவெளியில் குவிந்து கிடந்தது. மழைநீர் அதில் ஊறி மஞ்சளாக வழிந்து நிலத்தடி நீரில் கலந்தது. உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்கள் என்று 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது.

இங்கே பாக்டீரியா செய்யும் வேலை எளிமையானது. ஆறு இணைதிறன் குரோமியம் நீரில் கரைந்து ஓடும், சல்பேட்டைப் போன்ற உருவம் கொண்டதால் சல்பேட் செல்லும் வழியிலேயே செல்லுக்குள் புகுந்துவிடும், புற்றுநோயை உண்டாக்கும். மூன்று இணைதிறன் குரோமியமோ நடுநிலை நீரில் பெரும்பாலும் கரையாது. ஹைட்ராக்சைடாக மண்ணில் படிந்துவிடும். உணவிலிருந்து எடுத்த எலக்ட்ரான்களைக் குரோமியத்துக்குக் கொடுத்து, முதல் வடிவத்தை இரண்டாவதாக மாற்றுகிறது பாக்டீரியா. சோவியத் ஆய்வாளர்கள் 1970களிலேயே இத்தகைய பாக்டீரியாவை விவரித்திருந்தார்கள்.

சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் பாக்டீரியாவுக்காக வேறெங்கும் போகவில்லை. நஞ்சிலேயே பிழைத்துப் பழகிய இனங்களை அந்த ஆலை வளாகத்து மண்ணிலிருந்தே பிரித்தெடுத்து வளர்த்தார்கள். உணவாகத் தந்தது மொலாசஸ், அதாவது சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகு. ஒரு கிராம் மண்ணில் 5.6 மில்லிகிராம் இருந்த ஆறு இணைதிறன் குரோமியம் முழுவதும் 20 நாளில் வடிவம் மாறியதாக 2005இல் வெளியான அவர்களது ஆய்வு கூறுகிறது. இது ஆய்வகக் கணக்கு. பின்னர், மாசு கலந்த நிலத்தடி நீர் நகரும் பாதையில் பாக்டீரியாவைக் கொண்டு தடுப்பு அமைக்கும் முன்னோட்டச் சோதனைகளையும் செய்தார்கள். அம்முடிவுகள் 2011இல் வெளிவந்தன.

படிந்த குரோமியம் மண்ணிலேயேதான் இருக்கும். மாங்கனீசு ஆக்சைடு மிகுந்த மண்ணில் அது மீண்டும் நச்சு வடிவத்துக்குத் திரும்பவும் கூடும். ஆகவே மாசு நீக்கம் முடிந்த நிலத்தையும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். திட்ட அறிக்கைகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் செலவு இதுதான்.

பாதரசத்தில் சிக்கல் வேறு. மெர் எனப்படும் மரபணுக்களைக் கொண்ட பாக்டீரியா கரையும் பாதரசத்தை உலோகப் பாதரசமாக மாற்றும். அது ஆவியாகிக் காற்றில் கலக்கும். மண் தூய்மையாகும், காற்று கெடும். கொடைக்கானலில், 2001இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் மண்ணுக்கு, கழுவிப் பிரிக்கும் முறையே தேர்ந்தெடுக்கப்பட்டது.

தொழில் அளவில் வென்றவை சல்பேட்டைக் குறைக்கும் பாக்டீரியாக்கள். அவை வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடு துத்தநாகம், காட்மியம் ஆகியவற்றைக் கரையாத சல்பைடுகளாக வீழ்த்தும். நெதர்லாந்தின் பூடெல் துத்தநாக ஆலை 1992 முதல் இம்முறையில் நிலத்தடி நீரைச் சுத்திகரித்தது. வேறொரு முறையில், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ரைபிள் என்னும் இடத்தில் நிலத்துக்குள் அசிட்டேட் செலுத்தி, ஜியோபாக்டர் இனங்களைப் பெருக்கி, யுரேனியத்தைப் படியவைத்தனர்.

தமிழ்நாட்டில் குரோமியம் பயன்படும் இன்னொரு தொழில் தோல் பதனிடுதல். வேலூர், திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களின் தோல் ஆலைகள் தொடர்பான வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடும் சீரமைப்புச் செலவும் தர வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ராணிப்பேட்டைக் கழிவுக் குவியல், ஆலை மூடப்பட்டுக் கால் நூற்றாண்டு ஆன பின்பும் அகற்றப்படாமலேயே இருந்தது. ஒவ்வொரு மழைக்கும் அதிலிருந்து புதிய குரோமியம் கரைந்து இறங்கும் வரை, அடியில் எத்தனை திறமையான பாக்டீரியாவை வளர்த்தாலும் நிலத்தடி நீர் மீளாது. முதலில் குவியலை அகற்ற வேண்டும் அல்லது நீர் புகாதபடி மூட வேண்டும். பாக்டீரியாவின் முறை அதற்குப் பிறகுதான்.