கைத்தொழிலும் கடையும்: ஒரு பழைய வினா

பெரம்பலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றின் தென்கரையில் அமைந்த லெப்பைக்குடிக்காடும், வேப்பந்தட்டை வட்டத்தைச் சார்ந்த வி.களத்தூரும் முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் ஊர்கள். 1970களில் எண்ணெய் வளம் வளைகுடா நாடுகளின் வாயிலைத் திறந்தது முதல், இவ்வூர்களின் பொருளாதாரம் கடல் கடந்த உழைப்பையே பெரிதும் சார்ந்து வந்துள்ளது. அங்கிருந்து திரும்புவோரும், பள்ளிப் படிப்பை முடித்த இளைஞரும் எழுப்பும் வினா ஒன்றுண்டு: ஒரு தொழிலைக் கற்பதா? அன்றிக் கைப்பணத்தைக் கொண்டு தையற்கடையோ, பட்டறையோ திறந்து, ஆள் வைத்து நடத்துவதா?

இவ்வினா புதியதன்று. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவர் இமாம் முஹம்மத் ஷைபானீ (ரஹ், மறைவு ஹி. 189 / கி.பி. 805) பொருளீட்டலைப் பற்றி ‘கிதாபுல் கஸ்ப்’ எனத் தனி நூலே யாத்தார். கூலி வேலை, வணிகம், வேளாண்மை, கைத்தொழில் என ஈட்டும் வழிகளை அவர் நான்காக வகுத்தார். இவற்றுள் சிறந்தது எது என்பதில் அறிஞர்கள் வேறுபட்டனர். வேளாண்மையே சிறந்தது என்பது மாவர்தீ (ரஹ், மறைவு 1058) அவர்களின் கருத்து. நவவீ (ரஹ், மறைவு 1277) அவர்களோ கையால் உழைத்து ஈட்டுவதே சிறந்தது என்றார். தாவூது நபி (அலை) அவர்கள் தம் கையுழைப்பால் உண்டார்கள் என்னும் நபிமொழி அவருக்குச் சான்றாயிற்று. இரும்பைப் பதமாக்கிக் கவசம் செய்யும் கலையை அல்லாஹ் அவர்களுக்குக் கற்பித்ததைத் திருக்குர்ஆனும் கூறுகிறது.

நம் முன்னோர் இக்கருத்தை ஏட்டளவில் நிறுத்தவில்லை. கஃப்பால் மர்வஸீ (ரஹ், மறைவு 1026) என்னும் ஷாஃபிஈ மேதையின் பெயரே பூட்டுச் செய்பவர் என்று பொருள்படும். முப்பது வயது வரை பூட்டுத் தொழிலில் கைதேர்ந்து விளங்கிய பின்னரே அவர் கல்வியில் புகுந்தார். இலக்கண அறிஞர் ஸஜ்ஜாஜ் (மறைவு 923) கண்ணாடி தேய்க்கும் தொழிலாளி. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை திர்ஹம் ஈட்டி, அதில் ஒரு திர்ஹத்தை ஆசிரியர் முபர்ரதுக்குக் கொடுத்து இலக்கணம் கற்றார். இவர்களது கல்விக்குக் கைத்தொழிலே முதலாயிற்று.

தொழிலை எவ்வாறு கற்பது? இப்னு கல்தூன் (மறைவு 1406) தம் முகத்திமாவில் இதற்கு விடை தருகிறார். தொழில் என்பது செயலில் ஊன்றிய ஒரு திறன். திரும்பத் திரும்பச் செய்வதால் உள்ளத்தில் நிலைபெறுவது. கேட்டறிவதைவிடக் கண்டறிவதே அதற்குச் சிறந்தது. ஆகவே ஆசிரியர் இன்றியமையாதவர் என்பது அவர் கருத்து. மதரஸாவில் பாடம் நடத்துபவரையும் பட்டறையில் தொழில் கற்பிப்பவரையும் ‘உஸ்தாத்’ என்னும் ஒரே சொல்லால் சுட்டும் வழக்கம் இங்கு எண்ணத்தக்கது.

இதற்குச் சான்று வி.களத்தூர் அமைந்த அதே வேப்பந்தட்டை வட்டத்திலேயே உள்ளது. அரும்பாவூர் மரச்சிற்பம் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. அங்குச் செதுக்கப்படுவன பெரும்பாலும் கோயில் சார்ந்தவை. எனினும் நாம் இங்குக் கருதுவது கற்கும் முறையையே. உளி பிடிக்கத் தெரிந்தவரின் அருகில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து பெற்ற கைப்பழக்கமே அவ்வூருக்கு அப்பெயரை ஈட்டித் தந்தது.

சேவைத் தொழிலுக்கும் இம்மாவட்டங்களில் குறைவில்லை. சுண்ணாம்புக்கல் நிறைந்த அரியலூரில் 1979இல் அரசு சிமெண்ட் ஆலை தொடங்கிற்று; தனியார் ஆலைகளும் பெருகின. லாரிகளும் இயந்திரங்களும் உள்ள இடத்தில் வெல்டிங், லேத் பட்டறைகளுக்கு வேலை உண்டு. மக்காச்சோளமும் பருத்தியும் சின்னவெங்காயமும் விளையும் பெரம்பலூர்ப் பகுதியில் கிணற்று மோட்டாரின் சுருள் கருகினால், அதற்குக் கம்பி கட்டுபவரைத் தேடி விவசாயி உடனே ஓடுகிறார்.

ஆனால் வேலையறியா உரிமையாளரின் கடை, பணியாளின் கையில் நிற்கிறது. அவர் விலகினால் கடையும் மூடப்படும். வளைகுடாவில் பல்லாண்டு சேர்த்த பணம் வாடகையாகவும் முன்பணமாகவும் கரையும். அவர் செய்த வேலை சரியா, தவறா என்று மதிப்பிடவும் உரிமையாளருக்கு இயலாது. ஷரீஅத் இதனை எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மருத்துவம் அறியாது மருத்துவம் செய்பவர் இழப்புக்குப் பொறுப்பாவார் என்பது நபிமொழியின் கருத்து. பிறர் பொருளை வாங்கி வேலை செய்யும் தொழிலாளி, தம் வேலையால் அது கெட்டால் ஈடு தரவேண்டும் என்பது ஹனஃபி ஃபிக்ஹின் நிலை. தவறாகச் சுற்றிய மோட்டாரால் பயிர் வாடும்போது இச்சட்டத்தின் நீதி விளங்கும்.

அவ்வாறாயின் பணமுடையவருக்கு வழியே இல்லையா? அரபுக் கல்லூரிகளில் இன்றும் ஓதப்படும் ‘ஹிதாயா’வில் மர்கீனானீ (ரஹ், மறைவு 1197) ஒரு வழி காட்டுகிறார். தையற்காரரோ சாயமிடுபவரோ தம் கடையில் வேறொருவரை அமர்த்தி, வரும் வேலையை அவரிடம் கொடுத்து, வருவாயைப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளலாம். முன்னவர் தம் மதிப்பால் வேலையைப் பெறுகிறார். பின்னவர் தம் திறத்தால் அதனை முடிக்கிறார். தொழிலாளர் இருவர் முதலின்றியே கூட்டுச் சேர்வதையும் ஹனஃபி மத்ஹப் ஏற்கிறது; ஷாஃபிஈ மத்ஹப் ஏற்பதில்லை. ஆகவே அவரவர் மத்ஹபின் ஆலிம்களிடம் கேட்டு, எழுதிக்கொண்டு தொடங்குவது நன்று.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹிதாயா காட்டும் கடைக்காரரும் தையலோ சாயமோ அறிந்தவரே. அவர் தம் கூட்டாளியை வெறும் கூலியாளாக வைக்கவில்லை, வருவாயில் பங்காளியாக்கினார். எனவே கைத்தொழிலும் கடையும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. அவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் உஸ்தாதின் அருகில் சில ஆண்டுகள், பின்னர் கடை. அவ்வாண்டுகளை வீண் என்று கருதும் அவசரமே நம் இளைஞரின் சேமிப்பை அழிக்கிறது. பெற்றோரும் ஜமாஅத்தாரும் கடைக்குப் பணம் தருமுன், கற்கும் காலத்துக்கு உதவுவார்களாயின் அதுவே நிலைத்த உதவியாகும்.