வண்ணப் பென்சிலும் கணினித் திரையும்: செந்தூலிலிருந்து ஒரு நகர்த்திட்ட வரலாறு



2008ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘கோலாலம்பூர் மாநகர் 2020’ வரைவுத் திட்டம் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்து ஓய்வுபெற்ற என் தந்தையாரை அதனைக் காண அழைத்துச் சென்றேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அவர் முதலில் தண்டவாளத்தைத் தேடினார். அது கிடைத்தது. பிறகு, “நாம இருந்த குவாட்டர்ஸ் எங்கம்மா?” என்று கேட்டார். நான் விரல் வைத்த இடத்தில் ஒரு நிறமும் ஓர் எண்ணும் மட்டுமே இருந்தன. “அவ்வளவு காலம் இருந்த இடத்துக்கு ஒரு கலருதானா?” என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்று எனக்கு விடை தெரியவில்லை. பின்னர்த் தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

இந்நாட்டில் நகர்த்திட்டத்திற்கென ஓர் அரசு அதிகாரி முதன்முதலில் பொறுப்பேற்றது 1921ஆம் ஆண்டில். அவர் நியூசிலாந்தில் பிறந்த சார்லஸ் ரீட். அவர் காலம் தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நகரம் காகிதத்தில்தான் வரையப்பட்டது. நில அளவைத் துறையின் காணி வரைபடத்தின்மேல் ஒளிபுகும் தாளை விரித்துக் கோடுகளைப் படியெடுப்பார்கள்; குடியிருப்பு, வணிகம், தொழில், பொதுவெளி என ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம் தீட்டுவார்கள். ஒரு சாலையின் போக்கு மாறினால் தாள் முழுவதையும் திரும்ப வரைய வேண்டும். வெள்ளம் ஏறும் தாழ்நிலத்தில் எத்தனை வீடுகள் உள்ளன என்று அறிய, இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கண்ணால் எண்ண வேண்டும்.

நம்மில் மூத்த ஆசிரியர்களுக்கு ஓ.எச்.பி. கருவி நினைவிருக்கும். ஒரு தாளில் மலேசியாவின் எல்லைக்கோடு, அதன்மேல் ஆறுகள், அதன்மேல் நகரங்கள் என்று அடுக்கிக் காட்டுவோமல்லவா? கணினி செய்வதும் இதுதான். ஒரு வேறுபாடு உண்டு. கணினி வரைபடத்தில் ஒவ்வொரு வடிவத்தின் பின்னாலும் ஓர் அட்டவணை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு காணியைத் தொட்டால் அதன் எண், பரப்பளவு, பயன்பாடு எல்லாம் வந்து நிற்கும். புவியியல் தகவல் முறைமை எனப்படும் இதனை 1960களில் கனடாவின் நிலவளக் கணக்கெடுப்புக்காக உருவாக்கியவர் ரோஜர் டாம்லின்சன். அதே காலத்தில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் ஃபிஷர் கணினி வரைபடத்திற்கென ஓர் ஆய்வுக்கூடத்தை நிறுவினார்.

நம் நாட்டிற்கு இது நில அளவைத் துறையின் வழியே வந்தது. 1980களில் அத்துறை அளவைக் கணக்குகளைக் கணினிக்கு மாற்றத் தொடங்கியது. கோலாலம்பூரின் முதல் கட்டமைப்புத் திட்டம் 1984இல் வெளிவந்தது. அடுத்த பத்தாண்டில் பிரதமர் துறையின் கிள்ளான் பள்ளத்தாக்குத் திட்டப் பிரிவும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பள்ளத்தாக்கு முழுமைக்கும் ஒரு தகவல் முறைமையை அமைத்தன. இங்கே பெரிய தடை இயந்திரமன்று. கிள்ளான் ஆற்றுக்கு மாநில எல்லை தெரியாது. ஊராட்சி மன்றங்களுக்கோ எல்லையைத் தாண்டி எதுவும் தெரியாது! ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வரைபடமும் தனக்கென ஒரு குறியீடும் வைத்திருந்தால், கணினிக்கு அவை ஒரே பொருளாகத் தெரியா. துறைகள் தங்கள் நிலத்தகவலைப் பகிர்ந்துகொள்வதற்கென 1997இல் தேசிய அளவில் ஓர் ஏற்பாட்டையே அரசு தொடங்க வேண்டியதாயிற்று. 2007இல் கட்டுமான விண்ணப்பங்களுக்கான ஒற்றைச் சாளர மையங்கள் ஊராட்சி மன்றங்களில் வந்தன. பின்னர் அவ்விண்ணப்பங்களும் இணையத்திற்கு மாறின.

இனி செந்தூலுக்கு வருவோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில்வே பட்டறை இங்கு எழுந்தது. தமிழர்கள் பட்டறையில் உழைத்தார்கள், குவாட்டர்ஸில் குடியிருந்தார்கள், கோயில் கட்டினார்கள், பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினார்கள். ஆனால் நிலம் ரயில்வேயுடையது. காணி வரைபடத்தின் கண்ணுக்கு உரிமையாளர் தெரிவார், குடியிருப்பவர் தெரியார். இக்குறை காகிதக் காலத்திலேயே இருந்ததுதான். கணினி அதனைப் படைக்கவில்லை. எண்ணுக்குள் பூட்டி, விரைவாக்கியது. கூட்டரசுப் பிரதேசத்தின் 1970ஆம் ஆண்டு திட்ட விதிகள், அடர்த்தியைக் கூட்டும் திட்டம் வந்தால் பக்கத்து நிலத்தின் பதிவுபெற்ற உரிமையாளருக்குத் தெரிவிக்கச் சொல்கின்றன. அந்த உரிமையாளர்களின் பட்டியலைக் கணினி நொடியில் தரும். வாடகைக்கு இருப்பவர் அதில் வரமாட்டார்.

செந்தூலின் 294 ஏக்கர் நிலம் பெரும் மறுமேம்பாட்டுத் திட்டத்திற்குள் வந்தது. 1998இல் செந்தூல் தீமோர் எல்.ஆர்.டி. நிலையம் திறக்கப்பட்டது. 2005இல் பழைய பட்டறைக் கட்டடம் ஒன்று கலையரங்கமாயிற்று. 2023இல் செந்தூல் பாராட் எம்.ஆர்.டி. நிலையம் வந்தது. நல்லவைதாம், நானும் அந்த ரயிலில் போகிறவள்தான்.

வரைபடத்தின் வண்ணத்திற்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதைக் காட்டிய வழக்கு ஒன்றையும் சொல்ல வேண்டும். தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் உள்ள ரிம்பா கியாரா பூங்கா, கட்டமைப்புத் திட்டத்தில் பச்சை வண்ணம் பெற்ற பொதுவெளி. அங்கு அடுக்குமாடிகள் எழுப்ப 2017இல் அனுமதி தரப்பட்டது. குடியிருப்பாளர்கள் வழக்காடினர். கூட்டரசு நீதிமன்றம் 18 ஏப்ரல் 2023 அன்று அவ்வனுமதி செல்லாது என்றது. அரசிதழில் வெளியான திட்டம் மாநகர் மன்றத்தையும் கட்டுப்படுத்தும் என்றும் தெளிவுபடுத்தியது. மக்களுக்குக் கிடைத்த பெரிய வெற்றி இது. ஆயினும் அந்த நிலத்தின் ஓரத்தில் புக்கிட் கியாரா தோட்டத்தின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் 1980கள் முதல் நீளவீடுகளில் வாழ்ந்துவந்தன. அவர்களுக்கான நிரந்தர வீடுகளும் அதே திட்டத்தில்தான் சேர்க்கப்பட்டிருந்தன. பச்சை வண்ணம் பிழைத்தது. அவர்களின் வீடு மேலும் தள்ளிப்போயிற்று. இரண்டு நியாயங்களில் எதனையும் என்னால் தள்ள முடியவில்லை.

என் தந்தையார் கண்ட அந்த வரைவு, அரசிதழில் வெளிவரப் பத்தாண்டுகள் ஆயின. 2018இல் வந்தபொழுது அதனைக் காண அவர் இல்லை. அடுத்த திட்டமான 2040ஆம் ஆண்டுக்குரிய உள்ளூர்த் திட்டம் 2025இல் அரசிதழில் வெளியாகியுள்ளது. இன்று வீட்டிலிருந்தே இவற்றைப் பார்க்கலாம். பெற்றோர்கள் ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்: வண்ணம் பயன்பாட்டைச் சொல்லும்; உரிமையைச் சொல்லாது. பள்ளிக்குரிய வண்ணம் இருப்பதாலேயே அந்நிலம் பள்ளியுடையது ஆகிவிடாது. முழு உதவி, பகுதி உதவி என்று நம் பள்ளிகள் பிரிந்து கிடப்பதன் வேர் நிலத்தின் உரிமையில்தான் இருக்கிறது. அதற்கு நில அலுவலகத்துப் பதிவைத்தான் பார்க்க வேண்டும்.

அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் செந்தூல் வரைபடத்தின் அச்சுப்படியைக் கொடுத்து, தாத்தா பாட்டியிடம் கேட்டு, அவர்கள் வாழ்ந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்துவரச் சொன்னேன். மறுநாள் ஒரு மாணவி தயங்கித் தயங்கி என் மேசைக்கு வந்தாள். அவள் வைத்த புள்ளி ரயில் நிலையத்தின்மேல் விழுந்திருந்தது.

“டீச்சர், தப்பா வெச்சிட்டேனா?”

தப்பில்லை என்று சொல்லி, அந்தத் தாளை வகுப்புச் சுவரில் ஒட்டினேன்.