நாயின் வயிற்றுக்குள் வாயு நிரப்பினால் என்ன நடக்கும்?

கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த அன்ரி ஒருவர் பெட்டை நாய் ஒன்று வளர்க்கிறார். 2009இல் வன்னியில் அவிழ்த்துவிட்டு வந்த நாயின் பெயரைத்தான் இதற்கும் வைத்திருக்கிறார். இதற்குக் கருத்தடை செய்ய வேண்டும். வயிற்றை வெட்டாமல் துளை போட்டும் செய்யலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வெள்ளவத்தையில் இருக்கும் எனக்குப் போன் எடுத்தார்.

"வயித்துக்குள்ள காஸ் அடிக்கிறதாம் பிள்ளை. அது மூச்சு விடுமோ?"

சரியான கேள்வி. இந்தச் சிகிச்சையில் கவனிக்க வேண்டியவற்றில் பெரும்பகுதி அதற்குள்தான் இருக்கிறது.

லப்ரஸ்கோப்பி முறையில் இரண்டு மூன்று சிறு துளைகள் மட்டும் போடுவார்கள். ஒன்றின் வழியே கமரா, மற்றவற்றின் வழியே கருவிகள். உள்ளே பார்க்க இடம் வேண்டுமே. அதற்காகக் காபனீரொட்சைட்டைச் செலுத்தி வயிற்றை உப்ப வைக்கிறார்கள். இந்த வாயு தீப்பற்றாது. இரத்தத்தில் விரைவாகக் கரைந்துவிடுவதால் குமிழி அடைக்கும் ஆபத்தும் குறைவு.

ஆனால் கரைகிற வாயு எங்கேயோ போக வேண்டும். இரத்தத்தில் காபனீரொட்சைட்டு கூடுகிறது, இரத்தம் அமிலத்தன்மை அடைகிறது. விழித்திருக்கும் நாய் வேகமாக மூச்சுவிட்டு அதை வெளியேற்றும். மயக்கமருந்தில் கிடக்கும் நாயால் அது முடியாது. அதே நேரம் உப்பிய வயிறு பிரிமென்றகட்டை மேலே தள்ளுவதால் நுரையீரல் விரிய இடம் குறைகிறது. தலைப்பக்கத்தைத் தாழ்த்திக் கிடத்தினால் இன்னும் சிரமம். எனவே செயற்கைச் சுவாசக் கருவி நாய்க்காக மூச்சுவிட வேண்டியிருக்கிறது.

அடுத்தது இரத்த ஓட்டம். வயிற்று அழுத்தம் கூடும்போது பெருநாளம் நசிகிறது, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது, சிறுநீரகத்துக்குப் போவதும் குறைகிறது. அதனால் நாய்களுக்குப் பொதுவாக 8 முதல் 12 மில்லிமீற்றர் இரச அழுத்தத்துக்குள் வைத்துக்கொள்கிறார்கள். 15ஐத் தாண்டுவதைத் தவிர்க்கிறார்கள். சில நாய்களுக்கு வயிற்றுச்சவ்வு சடுதியாக விரியும்போது இதயத்துடிப்பு மந்தமாகும். ஆகவே வாயுவை மெதுவாகவே செலுத்த வேண்டும். ஆரோக்கியமான நாய் இவற்றைத் தாங்கும். இதய நோயோ சுவாச நோயோ உள்ள நாய்க்குக் கணக்கு வேறு.

மனிதருக்கு வருமுன் இந்த முறை நாயில்தான் காட்டப்பட்டது. 1901இல் ஹம்பேர்க் நகரில் ஜோர்ஜ் கெலிங் என்ற ஜேர்மன் வைத்தியர், நாயின் வயிற்றுக்குள் வடிகட்டிய காற்றைச் செலுத்திக் கருவியால் உள்ளே பார்த்துக் காட்டினார். வெட்டாமல், காற்றழுத்தத்தாலேயே உள் இரத்தப்போக்கை நிறுத்தலாமா என்பதே அவரது தேடல். 1945 பெப்ரவரியில் டிரெஸ்டன் நகர் மீது நடந்த விமானக் குண்டுவீச்சில் அவர் இறந்துபோனார். இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

இவ்வளவு சிரமம் ஏன்? நோவு குறைவு. திறந்த சிகிச்சையில் சூலகத்தை வெளியே இழுத்தெடுக்கும் கட்டம்தான் அதிகம் நோகும். இங்கே அந்த இழுவை குறைவு. 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் சிறிய நாய்களுக்கு அசைவுமானி கட்டிப் பார்த்தார்கள். சிகிச்சைக்குப் பின், திறந்து செய்த நாய்களின் நடமாட்டம் 62 சதவீதம் குறைந்தது. துளையிட்டுச் செய்தவற்றில் 25 சதவீதம்தான்.

இருந்தாலும் திறந்த முறையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தெருநாய்களைக் கொல்வதில்லை என்று 2006இல் அரசு முடிவெடுத்த பிறகு, கொழும்புத் தெருக்களில் தடுப்பூசியும் கருத்தடையும்தான் வழி. அந்த முகாம்களில் செய்வது சிறு வெட்டுடன் கூடிய திறந்த சிகிச்சை. பழகிய கை செய்தால் விரைவில் முடியும். வாயுவும் இல்லை, விலைகூடிய கருவிகளும் தேவையில்லை.

துளை முறைதான் வேண்டுமென்றால், மிருக வைத்தியரிடம் மூன்று விடயங்களைக் கேட்கச் சொன்னேன். செயற்கைச் சுவாசக் கருவி இருக்கிறதா? வெளிவிடும் மூச்சில் காபனீரொட்சைட்டை அளக்கும் கருவி இருக்கிறதா? இரத்தம் கசிந்தால் உடனே திறந்து செய்ய ஆயத்தமா?

அன்ரி மூன்றையும் கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். "மெஷின் இல்லையெண்டால் வெட்டியே செய்யட்டும்," என்றார்.