மிராசு போனது, மிடுக்கு போகவில்லை

சிரிப்பின் சரித்திரம் – 17

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. ஐந்து வாரம் கழித்து, செப்டம்பர் 19-ம் தேதி, லண்டன் பி.பி.சி.யில் 'ஃபால்டி டவர்ஸ்' தொடரின் முதல் பகுதி வந்தது. டார்க்கீ என்ற கடலோர ஊரில் ஒரு சின்ன ஓட்டல். அதன் முதலாளி பேசில் ஃபால்டிக்கு, கனவான்கள் மட்டுமே தன் ஓட்டலில் தங்க வேண்டும் என்று ஆசை. முதல் வாரமே ஒருவன் தன்னைப் பிரபு என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்கிறான். பேசில் குழைகிறார், வளைகிறார், மற்ற விருந்தாளிகளை விரட்டியடிக்கிறார். கடைசியில் அந்தப் 'பிரபு' பக்கா மோசடிப் பேர்வழி.

ஜான் கிளீஸும் அவருடைய அப்போதைய மனைவி கோனி பூத்தும் எழுதிய இந்தத் தொடர் 1975-ல் ஆறு, 1979-ல் ஆறு என மொத்தமே 12 பகுதிகள்தான். அரை நூற்றாண்டு ஆகியும் அதன் மவுசு குறையவில்லை.

சென்ற வாரம், 1928-ல் 'ஆனந்த விகட'னை விலைக்கு வாங்கிய திருத்துறைப்பூண்டி வாசனைப் பார்த்தோம். காவிரிக் கரையை விட்டுவிட்டு இந்த வாரம் இங்கிலாந்து எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

பேசிலுக்கு முந்தைய இருவரைப் பாருங்கள். 1962-ல் வந்த 'ஸ்டெப்டோ அண்ட் சன்' தொடரில் அப்பாவும் மகனும் குதிரை வண்டியில் பழைய சாமான் வாங்கி விற்கிறவர்கள். மகனுக்குத் தான் பெரிய ரசிகன், படிப்பாளி என்ற நினைப்பு. வாராவாரம் வீட்டை விட்டுக் கிளம்பப் பார்ப்பான். அடுத்த வாரமும் அதே கிழவரோடு மல்லுக்கு நிற்பான். 1968 முதல் 1977 வரை 80 பகுதிகள் ஓடிய 'டாட்ஸ் ஆர்மி'யில் கேப்டன் மேனரிங் ஒரு சிற்றூர் பேங்க் மேனேஜர். இரண்டாம் உலகப் போரில் ஊர்க்காவல் படைக்குத் தானே தலைவர் ஆகிவிடுகிறார். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் வில்சனோ பிறப்பால் மேல்தட்டு. மேனரிங் அதிகாரம் பண்ணும்போதெல்லாம் வில்சனின் நிதானம் அவரைக் குத்தும்.

மூவருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. நிற்கும் இடம் ஒன்று, நிற்பதாக நினைத்துக்கொள்ளும் இடம் வேறு. அந்த நாடே அப்போது அப்படித்தான் இருந்தது. 1947-ல் இந்தியா கைவிட்டுப் போனது. 1956-ல் சூயஸ் கால்வாயில் மூக்குடைபட்டது. சாம்ராஜ்யம் போன பிறகும் சாம்ராஜ்யத்துத் தோரணை வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். தஞ்சை ஜில்லாவின் நெல் வயல்களில் மிராசு என்பது வருமானம் மட்டுமில்லை, மரியாதையும்கூட. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் பங்கு சிறுத்துக்கொண்டே வந்தது. 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. பர்மா அரிசி மலிவாக வந்து குவிந்தது. கையில் மிஞ்சியது கும்பகோணம் கல்லூரி கொடுத்த பி.ஏ. பட்டம்தான். ரயிலேறி மதராஸ் போய் பேங்கிலோ ரயில்வேயிலோ அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீசிலோ குமாஸ்தா ஆனார்கள். நாலு கட்டு வீட்டில் பிறந்தவர்கள் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஒண்டுக்குடித்தனத்தில் தண்ணீர்க் குழாய்க்கு முறை வைத்துக்கொண்டார்கள். நிலம் போனாலும் மிடுக்கு போகவில்லை.

அந்தக் குமாஸ்தாவை முதலில் முழுசாகப் பிடித்தவர் தேவன். இயற்பெயர் ஆர்.மகாதேவன், 1913-ல் திருவிடைமருதூரில் பிறந்தவர், படித்தது கும்பகோணம். புத்தமங்கலத்துக் கல்கி ஆசிரியராக இருந்தபோது விகடனில் சேர்ந்தார். 1940-களில் அவர் படைத்த துப்பறியும் சாம்பு, வேலை போன பேங்க் குமாஸ்தா. அசட்டுக் களை, நீண்ட மூக்கு. தவறான வீட்டில் நுழைவான், வேண்டாத ஆளைப் பிடிப்பான். பார்த்தால் பிடிபட்டவன்தான் திருடனாக இருப்பான். இன்ஸ்பெக்டர் கோபாலன் வியந்துபோவார், ஊர் கைதட்டும். மேனரிங்கும் பேங்க்காரர், சாம்புவும் பேங்க்காரன். மேனரிங் தன்னைப் பெரிய ஆள் என்று நினைக்கிறார், ஊர் நம்பவில்லை. சாம்புவை ஊர் மேதை என்று நம்புகிறது. அவனுக்குத்தான் ஒன்றும் புரிவதில்லை. தராசின் தட்டுகள் இடம் மாறியிருக்கின்றன, தராசு ஒன்றுதான். பிற்பாடு தூர்தர்ஷனில் காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக வந்தபோது, தேவன் மறைந்து பல வருஷம் ஆகியிருந்தது. 1957-ல் போய்விட்டார்.

அடுத்தவர் 1930-ல் நன்னிலம் பக்கத்து நல்லமாங்குடியில் பிறந்த கே.பாலசந்தர். முத்துப்பேட்டையில் வாத்தியார் வேலை, பிறகு சென்னையில் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸ். பகலில் கணக்கு, மாலையில் நாடகம். 1967-ல் அவர் எடுத்த 'பாமா விஜயம்' படத்தில் நடுத்தரக் குடும்பத்தின் பக்கத்து வீட்டுக்கு ஒரு சினிமா நடிகை குடிவருகிறாள். அவள் முன்னால் பணக்காரர்களாகக் காட்டிக்கொள்ள மூன்று மருமகள்களும் கடன் வாங்கிச் சாமான் வாங்குகிறார்கள். பேசில் ஃபால்டி பிரபுவின் முன்னால் நின்றது எட்டு வருஷம் கழித்துத்தான். 1968-ல் வந்த 'எதிர்நீச்ச'லில் ஒரே வீட்டில் பல குடித்தனம், மாடிப்படிக்குக் கீழே அநாதை மாது. தப்பிக்க வழியில்லாத ஒரு இடத்தில் ஒத்துப்போகாத மனிதர்களை அடைத்து வைப்பதுதானே இந்தக் கலையின் முதல் விதி!

தொலைக்காட்சி வளர்ந்தபோது சரக்கு தயாராக இருந்தது. கிரேஸி மோகன் நாடகத்துக்கு நாடகம் நாயகனுக்கு மாது என்றும் நாயகிக்கு ஜானகி என்றுமே பெயர் வைத்தார். பெயர் கேட்டதுமே ஜனங்கள் சிரிக்கத் தயாராவார்கள். 1998-ல் பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிக்க, நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி'யில் புருஷன் பெண்டாட்டி இருவர் பெயரும் ரமணி. வடக்கே ஆங்கிலத் தொடர்களையே இந்தியாக்கினார்கள்: 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' 1993-ல் 'ஜபான் சம்பால்கே' ஆனது, 'யெஸ் மினிஸ்டர்' 2001-ல் 'ஜி மந்திரிஜி' ஆனது. தமிழில் அதற்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

இன்னும் பின்னால் போனால் தஞ்சை அரண்மனையிலேயே இந்த நகைச்சுவையின் மூதாதைகள் கிடைக்கிறார்கள். 1684 முதல் 1712 வரை ஆண்ட மராட்டிய மன்னர் சகஜி ஒரு நாடகாசிரியர். அவருடைய 'பஞ்சபாஷா விலாச'த்தில் ஒவ்வொரு தேசத்து ராஜகுமாரியும் தன் மொழியில் பேச, மேடையில் ஐந்து மொழிகள் ஒலிக்கின்றன. தெலுங்கில் எழுதிய 'சதிதான சூரமு'வில், கோயில் திருவிழாவுக்கு வந்த ஒரு பிராமணப் பண்டிதர் தீண்டத்தகாதவள் என்று ஊர் ஒதுக்கிய பெண்ணின் மேல் மோகம் கொள்கிறார். சாஸ்திரம் சொல்லித் தடுப்பது சிஷ்யன், தடுமாறுவது குரு. மந்திரியைவிட அவருடைய செயலர் விவரமானவர் என்ற 'யெஸ் மினிஸ்டர்' வேடிக்கையும் இதே தலைகீழ்ப் பாடம்தான்.

இதில் ஒன்றை மறைக்கக் கூடாது. சகஜியின் நாடகத்தில் சேரிப் பெண்ணுக்கு மேடையும் வசனமும் இருந்தன. இருபதாம் நூற்றாண்டுக் குமாஸ்தா நகைச்சுவையில் வயலில் இறங்கி நட்டவர்களுக்கு இடமே இல்லை. 'எதிர்நீச்சல்' வெளியான அதே 1968-ல், டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். நிலத்தை இழந்தவனின் மிடுக்கைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த கலைக்கு, நிலமே இல்லாதவனைப் பார்க்கத் தெரியவில்லை. 'மைண்ட் யுவர் லாங்குவே'ஜும் வெளிநாட்டாரைக் கேலிப்பொம்மை ஆக்கியதாக விமர்சனம் வாங்கியது.

அப்படியிருந்தும் இவை ஏன் நீடிக்கின்றன? வசனம் பழசாகும், சிலேடை புளிக்கும். தன்னைப் பற்றி ஒரு கணக்கும் உலகத்திடம் வேறு கணக்கும் வைத்திருக்கும் மனிதன் எந்தத் தலைமுறையிலும் குறைவதில்லை. இன்று அவன் மிராசுக்குப் பதில் கார்டில் அச்சடித்த பதவியைச் சொல்கிறான், அவ்வளவுதான். அவன் திருந்திவிட்டால் அடுத்த வாரம் தொடர் கிடையாது. அவன் திருந்தப்போவதில்லை என்று நமக்கு நன்றாகத் தெரியும். நம்மைப் பற்றியும் அதே அளவு தெரியும்.

அடுத்த வாரம்: சாம்புவைக் கோடுகளால் உயிர்ப்பித்த தஞ்சாவூர்க்காரர் கோபுலு.